இஸ்லாமின் ஆதி சரித்திரத்தில் பெண்டிர்

தம் சொந்த முதலைக் கொண்டு மக்காவிலிருந்து வணிகக் கூட்டங்களைச் சிரியா தேசத்துக்கு அனுப்பிவந்த செல்வச் சீமாட்டியும் நபிகள் நாயகத்தின் முதல் மனைவியுமான கதீஜா அம்மையார், ஹிரா குகையில் முதல் வஹீ (இறைச்செய்தி) அருளப்பெற்று நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய தம் கணவரைத் தேற்றி, அத்தூதை முதன்முதலாக ஏற்றவராவார். அவர் 619-இல் காலமானார்.

628-இல், மக்காவாசிகளுடன் செய்யப்பெற்ற ஹுதைபியா உடன்படிக்கையால் மனஞ்சோர்ந்த தோழர்கள், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபிகள் இட்ட கட்டளைக்கு எழாது தயங்கியபோது, எவரிடமும் ஒன்றும் பேசாது தாமே முதலில் அவற்றைச் செய்யுமாறு அவர்தம் மனைவியருள் ஒருவரான உம்மு ஸலமா அம்மையார் ஆலோசனை நல்க, அங்ஙனமே நிகழ்ந்து, தோழர் யாவரும் பின்பற்றினர். ராஜதந்திரிகளுக்கும் எளிதில் வாய்க்காத விவேகம் இது. முதல் கலீபா அபூபக்கர் காலத்தில் தொகுக்கப்பெற்ற குர்ஆன் ஏடுகளோ, அடுத்த கலீபா உமரின் மறைவுக்குப்பின், அவர் புதல்வியும் நபிகளின் மனைவியுமான ஹஃப்ஸாவின் காவலில் இருந்தன. மூன்றாம் கலீபா உஸ்மான் பிரதிகள் எடுப்பித்தது அவற்றைக் கொண்டே.

நபிகளின் மனைவியருள் செல்வாக்கில் தலைசிறந்தவர் ஆயிஷா அம்மையாரே. 656-இல் பஸ்ராவின் அருகே, கலீபா அலீயின் சேனைக்கு எதிராக ஒட்டகத்தின்மீது அமர்ந்து அவர் முன்னின்ற போர், அந்த ஒட்டகத்தின் பெயராலேயே ஜமல் யுத்தம் என வழங்குகிறது. அப்போரில் அவர் அடைந்த தோல்வியைக் கொண்டு மட்டும் அவரை மதிப்பிடுவது நியாயமாகாது. ஏனெனில், 678-இல் காலமாகும் வரையில், மார்க்கச் சட்டத்திலும் வாரிசுரிமைப் பங்கீட்டிலும் ஐயமுற்றோர் மதீனாவில் அவரையே நாடினர். அவர் வழியாக அறிவிக்கப்பெற்ற ஹதீஸ்கள் 2,210 என்பது மரபு. பிற தோழர்களின் கூற்றுக்களில் அவர் கண்ட பிழைகளையும் அஞ்சாது திருத்தினார், அத்திருத்தங்களை 14-ஆம் நூற்றாண்டில் ஸர்கஷீ என்னும் அறிஞர் தனி நூலாகவே தொகுத்தார்.