அகத்தியமலையில் தொலைநோக்கி: விண்மீனை நோக்காத ஓர் ஆய்வுக்கூடம்

வித்துராவை அடுத்த போணக்காட்டிலிருந்து அகத்தியமலைக்கு ஏறுவோர் அதை அகத்தியர் உறைவிடமாகவே அறிவர். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியை ஒட்டி, 1855இல் திருவிதாங்கூர் அரசு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்த செய்தி பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடத்தை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌனின் நாட்டம் புவிக்காந்தத்தில் இருந்தது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய திருவனந்தபுரம் அதற்கு உகந்த இடம். உயரம் மாறினால் காந்த ஊசியின் திசைமாற்றங்களும் வேறுபடுமா என்பதை அறியவே மலைமேல் இரண்டாம் கூடம் எழுந்தது.

ஊசியின் மிகச்சிறு திருப்பத்தை அளக்கக் குவிவில்லையே துணை. தொலைப்பொருளின் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வந்தடைகின்றன. வில்லை அவற்றைத் தன் குவியத்தளத்தில் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. இவ்வாறு தலைகீழான சிறு பிம்பம் உருவாகிறது. இவ்விதியைத் திருப்பியும் பயன்படுத்தலாம்: குவியத்தில் வைத்த பொருளின் கதிர்கள் வில்லையைக் கடந்து இணையாகவே வெளியேறும்.

அக்காலப் பிரித்தானியக் காந்த ஆய்வுக்கூடங்களில் வழங்கிய ஒரு கருவி இதைக் கையாண்டது. நூலில் தொங்கும் காந்தத் தண்டின் ஒரு முனையில் குவிவில்லை. மறுமுனையில், அவ்வில்லையின் குவியத்தில், நுண்கோடிட்ட கண்ணாடி அளவுகோல். சற்று அப்பால் நிலையாக நிற்கும் தொலைநோக்கிக்கு அவ்வளவுகோல் எல்லையற்ற தொலைவிலுள்ள பொருளாகவே தோன்றும். தண்டு சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தாலும் பிம்பம் இடம் மாறாது. திரும்பினால் மட்டுமே மாறும். ஒளியியலில் ‘தொலைவு’ என்பது கதிர்களின் இணைநிலையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மலையுச்சிக் காற்றும் மழையும் கட்டடத்தைச் சிதைத்தன. உள்ளூர் உதவியாளர்கள் கடுங்குளிரில் அளவீடு எடுத்தனர். புவியின் காந்தவிசை நாளுக்கு நாள் கூடுவதும் குறைவதும் ஓரிடத்து நிகழ்வன்று, புவி முழுவதற்கும் பொதுவானது என்பது பிரௌனின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த விலக்க அளவீடுகளை அவர் 1874இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் தலைப்பில் இவ்விரு இடங்களின் பெயர்களும் உள்ளன. பனியில் நின்று தொலைநோக்கியில் கண் பதித்தவர்களின் பெயர்கள் இன்று எவர் நாவிலும் இல்லை.