இருபத்திரண்டரை ஷில்லிங்கும் ஆறு மார்க்கும்

நமக்கும் இலக்கியப் பரீட்சைக்கும் எப்பவுமே ஏழாம் பொருத்தம். பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டுமே கோனார் நோட்ஸ் புண்ணியத்துல கரையேறினவன் நான். நெடுவினாவை அப்படியே உருப்போட்டு, நடுவுல ஒரு வரி மறந்தா மொத்தமும் மறந்துபோற வகை. அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் பொட்டி தட்டுற வேலை. இலக்கியம்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்தாச்சு.

அப்படிப்பட்ட என்னைப் போய் விதி லண்டன் ஹாரோவில் உட்கார வைத்து ஒரு ஆங்கில நாடகத்துக்கு நோட்ஸ் எடுக்க வைத்தது. ஆன்சைட் வந்த இடத்தில் பெரியம்மா பொண்ணு வீட்டில் சாப்பாடு. சும்மா சாப்பிட முடியுமா? "டேய், வாரக் கடைசில இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுடா, மே மாசம் ஜி.சி.எஸ்.இ வருது" என்றாள் அக்கா. கணக்குதான் சொல்லித்தரச் சொல்கிறாள் என்று நம்பித் தலையாட்டினேன். வந்தது ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. (அக்கா பொண்ணை இங்கே குட்டி என்றே வைத்துக்கொள்வோம். பெயர் போட்டால் கொன்றுவிடுவாள்.)

முதலில் பரீட்சை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். குட்டி எழுதுவது ஏ.க்யூ.ஏ போர்டு. இரண்டாவது தாள், இரண்டே கால் மணி நேரம், 96 மார்க். அதில் நவீன நாடகம் அல்லது நாவலுக்கு 34 மார்க். இரண்டு கேள்வி கொடுப்பார்கள், ஒன்றை எழுதினால் போதும். ஆனால் புத்தகத்தை உள்ளே எடுத்துப்போக முடியாது. 34-இல் 12 மார்க் வாதத்துக்கும் மேற்கோளுக்கும், 12 ஆசிரியர் கையாளும் உத்திகளுக்கு, 4 எழுத்துப்பிழை இல்லாததற்கு. மீதி ஆறு மார்க் வரலாற்றுச் சூழலுக்கு. இதைத்தான் பிள்ளைகள் ஏ.ஓ.3 என்கிறார்கள்.

அந்த ஆறு மார்க்குக்குக் குட்டி ஒரு அட்டை வைத்திருந்தாள். "நாடகம் நடப்பது 1912, எழுதியது 1945. பிரீஸ்ட்லி ஒரு சோஷலிஸ்ட். டைட்டானிக் மூழ்கியது. இரண்டு உலகப்போர் வந்தது." அவ்வளவுதான். எந்தக் கேள்வி வந்தாலும் கடைசிப் பத்தியில் இதை ஒட்டிவிடுவாளாம், தபால்தலை ஒட்டுவது மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹாரோவிலும் கோனார் நோட்ஸ் :-)

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக (முடிவைச் சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவவும்). ஆர்தர் பர்லிங் ஒரு மில் முதலாளி. மகள் ஷீலாவுக்கு நிச்சயதார்த்த விருந்து நடக்கும் இரவு ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். ஈவா ஸ்மித் என்ற பெண் விஷம் குடித்துச் செத்துவிட்டாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க, அந்த வீட்டில் ஒவ்வொருவரும் அவளை ஒரு படி கீழே தள்ளியது தெரியவருகிறது. கூலி உயர்வு கேட்டதற்காக வேலையை விட்டுத் துரத்தியவர் பர்லிங். துணிக்கடை வேலையிலிருந்து தூக்க வைத்தவள் ஷீலா. வைத்திருந்து கைவிட்டவன் மாப்பிள்ளை ஜெரால்ட். கர்ப்பமாக்கியவன் மகன் எரிக். உதவி கேட்டு வந்தவளை விரட்டியவள் அம்மா. கடைசியில், வந்தவன் போலீஸே இல்லை, அப்படி யாரும் சாகவும் இல்லை என்று தெரிகிறது. பெரியவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஷீலாவும் எரிக்கும் ஆகவில்லை. அப்போது போன் அடிக்கிறது. இப்போதுதான் ஒரு பெண் செத்திருக்கிறாள், நிஜ இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார்.

"மாமா, ட்வென்டி டூ அண்ட் சிக்ஸ்னா எவ்ளோ?" என்று கேட்டாள் குட்டி. அந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பர்லிங் கொடுத்தது வாரம் 22 ஷில்லிங் 6 பென்ஸ். பெண்கள் கேட்டது 25 ஷில்லிங். பழைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அப்படியானால் 270 பென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 300 கேட்டிருக்கிறார்கள். உயர்வு 11.1 சதவீதம். "இவ்ளோதானா? நாங்க அப்ரைசல்ல கேக்கிற ஹைக்கை விடக் கம்மி" என்றேன். "அதை எழுதலாமா?" என்றாள். எழுதலாம்தான், ஆனால் நிஜத்தில் அன்று பெண்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுவோம் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடியதில் கிடைத்தது கிராட்லி ஹீத். பர்மிங்ஹாமுக்கு மேற்கே, பிளாக் கன்ட்ரி என்று சொல்லப்படும் பகுதியில் இருக்கும் ஊர். அங்கே பெண்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை போட்டு, உலையில் இரும்பைக் காய்ச்சிச் சங்கிலி அடிப்பார்கள். பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். 1909-இல் டிரேட் போர்ட்ஸ் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் அப்போது வர்த்தகத் துறையில் இருந்த நம்ம வின்ஸ்டன் சர்ச்சில்தான். நான்கே நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி. அதில் ஒன்று சங்கிலி. மணிக்கு இரண்டரை பென்ஸ் என்று முடிவானது. வாரம் 54 மணி நேரம் என்றால் 135 பென்ஸ், அதாவது 11 ஷில்லிங் 3 பென்ஸ். பலருக்கு அதுவே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயர்வு.

முதலாளிகள் என்ன செய்தார்கள்? "இந்தக் கூலி எனக்கு இப்போதைக்கு வேண்டாம்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் என்ன ஏதென்று புரியாமல் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். மேரி மக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவி, வைக்காதவர்களைத் திரட்டினார். 1910 ஆகஸ்டில் தொடங்கிய போராட்டம் பத்து வாரம் நடந்தது. பத்திரிகைகள் எழுதின, பாத்தே நிறுவனம் படம் பிடித்துத் திரையரங்குகளில் காட்டியது, நாடு முழுக்க நிதி சேர்ந்தது. அக்டோபரில் கடைசி முதலாளியும் கையெழுத்துப் போட்டார். மிஞ்சிய நிதியில் 1912-இல் ஊரில் ஒரு தொழிலாளர் மன்றமே கட்டினார்கள்.

இப்போது நாடகத்துக்குத் திரும்புங்கள். ஈவா ஸ்மித்தைப் பர்லிங் துரத்தியது எப்போது? 1910 செப்டம்பர் கடைசியில்! நாடகத்தின் கற்பனை ஊர் பிரம்லியும் அதே மிட்லண்ட்ஸ் வட்டாரம்தான். ஒரே செப்டம்பரில், அங்கே கதையில் ஒரு வேலைநிறுத்தம் ஓரிரு வாரத்தில் காசில்லாமல் படுத்துவிட்டது; இங்கே நிஜத்தில் இன்னொன்று பத்து வாரம் நின்று ஜெயித்தது.

பிரீஸ்ட்லி இதைப் பார்த்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, ஈவாவின் 22 ஷில்லிங் 6 பென்ஸ் அந்தக் காலப் பெண்ணுக்கு மோசமான கூலியே இல்லை; சங்கிலிப் பெண்கள் போராடி வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. நிஜம் நாடகத்தை விடக் கேவலமாக இருந்திருக்கிறது. இரண்டு, ஜெயித்தவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டம், ஒரு சங்கம், முகம் தெரியாத ஜனங்கள் போட்ட காசு, மூன்றும் இருந்தன. ஈவாவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வேலை போன பிறகு பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இல்லை. 1911-இல் நேஷனல் இன்சூரன்ஸ் சட்டம் வந்தாலும், வேலையில்லாக் காலப் பணம் கட்டிடம், கப்பல், இயந்திரம் மாதிரி சில தொழில்களுக்கு மட்டும்தான். துணிக்கடைப் பெண்ணுக்குக் கிடையாது. கடைசியில் அவள் போய் நின்றது பணக்காரப் பெண்மணிகள் நடத்தும் தர்ம சங்கத்தின் வாசலில். அங்கே தலைவி யார்? பர்லிங் அம்மா.

"இதான் குட்டி ஏ.ஓ.3" என்றேன். "டைட்டானிக் இல்லையா?" என்று கேட்டாள் பாவம்.

டைட்டானிக்கும்தான். கப்பல் கிளம்பியது 1912 ஏப்ரல் 10. விருந்து நடப்பது அதற்கு முந்தைய வாரம். இந்தக் கப்பல் மூழ்கவே மூழ்காது என்கிறார் பர்லிங், போரும் வராது என்கிறார், போன மாதச் சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார். கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் இறங்கிய அந்த ஸ்ட்ரைக்கால், 1912 மார்ச்சிலேயே அரசு சுரங்கங்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போடவேண்டி வந்தது. மனிதர் வாயைத் திறந்ததெல்லாம் தப்பு. 1945-இல் கேட்பவனுக்கு இது தெரியும். அதுதான் அங்கே உத்தி.

பிரீஸ்ட்லிக்கு இந்த 1912 புத்தகத்தில் படித்த ஊர் இல்லை. பிராட்ஃபோர்டில் பிறந்தவர். 1910-இல் பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி வியாபார அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1914-இல் பட்டாளத்துக்குப் போய், குண்டு வெடித்து மண்ணுக்குள் புதைந்து பிழைத்து வந்தவர். 1940-இல் பி.பி.சி. வானொலியில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் பேசினார், தேசமே கேட்டது. போர் முடிந்தால் பழைய உலகத்துக்குத் திரும்பக்கூடாது என்று பேச ஆரம்பித்ததும் கன்சர்வேடிவ் தரப்பில் முணுமுணுப்பு. 1941-இல் அந்தப் பேச்சு நின்றுபோனது. வானொலியில் நின்றதை மேடையில் தொடர்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடகம் முதலில் மேடையேறியது லண்டனில் இல்லை. 1945-இல் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும். லண்டனில் தோதான தியேட்டர் காலியில்லாததுதான் காரணம். (ரஷ்யா எப்போதும் பின்தங்கியே இருக்கும் என்று பர்லிங் சொல்லும் நாடகம் ரஷ்யாவில்தான் பிறந்திருக்கிறது, பாருங்கள்!) அதே ஜூலையில் பிரிட்டனில் தேர்தல். 1942-இல் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, எல்லோருக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்றிருந்தது. லேபர் கட்சி 393 இடங்களைப் பிடித்தது. போரை ஜெயித்த சர்ச்சில் தோற்றார். லண்டனில் நாடகம் வந்தது 1946 அக்டோபரில், ரால்ஃப் ரிச்சர்ட்சன் இன்ஸ்பெக்டராக. 1948 ஜூலை 5-இல் என்.ஹெச்.எஸ் தொடங்கியது. அந்தப் பார்வையாளர்களுக்கு இது பழங்கதை இல்லை, நேற்றுப் போட்ட ஓட்டு.

பிறகு பல வருடம் இதை அரதப்பழசு என்று ஒதுக்கினார்கள். 1992-இல் நேஷனல் தியேட்டரில் ஸ்டீபன் டால்ட்ரி இயக்கியபோது பர்லிங் வீட்டையே மேடையில் சரித்துக் காட்டினார். மறுபடி உயிர் வந்தது. பாடத்திட்டத்தை மாற்றி, 1914-க்குப் பிந்தைய நாவலோ நாடகமோ பிரிட்டிஷ் தீவுகளிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். 2015-இல் வகுப்புகளிலும் 2017-இல் பரீட்சையிலும் அது வந்தபோது, ஸ்டைன்பெக் பட்டியலிலிருந்து போனார், பர்லிங் குடும்பம் இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

வரலாறு இதோடு முடிந்தது. ஆனால் பதிவு முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் கேள்வி ஒன்று எடுத்தோம்: பொறுப்பு என்ற கருத்தை பிரீஸ்ட்லி எப்படிக் காட்டுகிறார்? எழுதிக்கொண்டே குட்டி கேட்டாள், "மாமா, யாருமே சாகலைன்னு தெரிஞ்ச அப்புறமும் ஷீலா ஏன் ரிலீஃப் ஆகல?" பதில் சொன்னேன். நல்ல பதில்தான், மார்க் விழும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு வருடம் முன்னால், சென்னையில், என் டீமில் ஒரு டெஸ்டர் இருந்தாள். ஒப்பந்தத்தில் எடுத்த பெண். ராத்திரி ஷிஃப்டுக்கு எல்லோருக்கும் கொடுக்கும் அலவன்ஸ் ஒப்பந்தக்காரர்களுக்கு ஏன் இல்லை என்று மீட்டிங்கில் கேட்டாள், மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து. மேனேஜர் முகம் மாறியது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம் படிவம் என்னிடம்தான் வந்தது. வேலை சுத்தம் என்று எழுதிவிட்டு, கீழே "டீமோடு ஒத்துப்போவதில் சிக்கல்" என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

எழுந்து லிங்க்ட்இன்னில் தேடினேன். நல்ல கம்பெனியில், சீனியர் பொறுப்பில் இருக்கிறாள். 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன்.

விட்ட அடுத்த நொடி உறைத்தது. யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் பர்லிங் விட்டாரே, அதே மூச்சு. நான் எழுதிய வரி அந்தப் படிவத்தில் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், என்ன எழுதினேன் என்பதை அப்படியே சொல்லி. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

குட்டி பள்ளியில் மாதிரிப் பரீட்சையில் சங்கிலிப் பெண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். டீச்சர் ஓரத்தில் குறித்திருந்தது, சுவாரஸ்யம்தான், ஆனால் நாடகத்தின் எந்த வரியோடு இது சேர்கிறது என்று சொல்லு என்று. நியாயம். வரலாற்றைத் தனியாகக் கொட்டினால் அதுவும் தபால்தலைதான். அடுத்த முறை, "யாரும் ஈவாவுக்கு நிதி சேர்க்கவில்லை" என்று ஆரம்பித்து அந்தப் பத்தியைப் பர்லிங் அம்மாவின் தர்ம சங்கத்தோடு சேர்த்துத் திருத்தி எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமா :-)

பி.கு: உங்கள் வீட்டிலும் யாராவது இந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால், அட்டையை வாங்கி வைத்துவிட்டு முதலில் அந்த 22 ஷில்லிங் 6 பென்ஸைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மீதி தானாக வரும்.