ரசிகரின் நம்பிக்கை விதியானபோது: ‘என்.பி.ஏ. ஜாம்’ நிலைத்து நிற்பதன் காரணம்

மைதான விளையாட்டுகளை ஒட்டி வரும் வீடியோ கேம்களுக்கு ஆயுள் குறைவு. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. வீரர்கள் அணி மாறுகிறார்கள். முகத்து வியர்வையையும் சட்டையின் மடிப்பையும் புதிய பதிப்பு கூடுதல் துல்லியமாகக் காட்ட, முந்தையது மூலைக்குப் போய்விடுகிறது. சிகாகோவின் மிட்வே நிறுவனம் 1993இல் ஆர்கேட் கூடங்களுக்கு அனுப்பிய ‘என்.பி.ஏ. ஜாம்’ என்ற கூடைப்பந்து கேம் இந்தக் கதிக்கு ஆளாகவில்லை. 2020இல் அது வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவிலான பெட்டியாக மீண்டும் விற்பனைக்கு வந்தது. பழைய கார்ட்ரிட்ஜ்களின் நிரலைத் திருத்தி இன்றைய வீரர்களை அதற்குள் கொண்டுவரும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

இதை இளமைக்கால ஏக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அதே தலைமுறை அதே ஆண்டுகளில் ஆடிய வேறு பல கூடைப்பந்து கேம்கள் மறக்கப்பட்டுவிட்டன. ஏக்கம் எல்லாவற்றுக்கும் பொது. நீடிப்பு இதற்கு மட்டும் வாய்த்தது ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை. என் வாதம் இது: ‘ஜாம்’ பாவனை செய்வது களத்தில் நடக்கும் கூடைப்பந்தையன்று, கூடைப்பந்தைப் பற்றி ரசிகர் நம்புவதை. அந்த நம்பிக்கைகளை அது விதிகளாக எழுதியது. நுட்பம் வளர வளர நிஜத்தின் பிரதி காலாவதியாகும். நம்பிக்கைக்கு அந்த ஆபத்து இல்லை.

அதன் மையமான விதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீரர், இடையில் வேறு யாரும் கூடை போடாமல், அடுத்தடுத்து மூன்று கூடைகள் போட்டால் அவர் ‘ஆன் ஃபயர்’ நிலையை அடைகிறார். பந்து தீப்பிடித்து எரிகிறது. வேகத்தைக் கூட்டும் டர்போ தீர்வதில்லை. எறியும் பந்து பெரும்பாலும் கூடைக்குள் போகிறது. எதிரணி ஒரு கூடை போட்டால் தீ அணைந்துவிடும். ஒருவருக்குக் கை அமைந்துவிட்டால் அடுத்த எறிதலும் விழும் என்ற இந்த எண்ணம் கூடைப்பந்து அரங்கில் நெடுங்காலமாக உண்டு. தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமஸ் ட்வர்ஸ்கி ஆகியோர் 1985இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு அதைச் சோதித்தது. அவர்கள் கேட்ட 100 ரசிகர்களில் 91 பேர், இரண்டு மூன்று எறிதல்களைத் தொடர்ந்து போட்டவர் அடுத்ததையும் போட வாய்ப்பு அதிகம் என்றார்கள். ஃபிலடெல்ஃபியா 76அர்ஸ் அணியின் 1980–81 பருவக் கணக்குகளோ அதற்கு ஆதரவாக இல்லை. அது மனத்தின் மயக்கம் என்பது அவர்கள் முடிவு. 2018இல் ஜோஷுவா மில்லர், ஆடம் சஞ்சுர்ஜோ இருவரும் அந்தக் கணக்கீட்டு முறையிலேயே ஒரு சாய்வு ஒளிந்திருப்பதைக் காட்டி, விவாதத்தை மீண்டும் திறந்துவிட்டார்கள்.

புள்ளியியலில் இன்னும் ஓயாத இந்த வழக்குக்கு ‘ஜாம்’ தன் எல்லைக்குள் 1993இலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. அங்கே 91 பேர் சொன்னதுதான் சட்டம். இதன் விளைவு ஆழமானது. இரண்டு கூடைகள் போட்டவர் மூன்றாவதற்காக ஏங்குகிறார். தோழர் தானே போட வழியிருந்தும் பந்தை அவரிடம் தள்ளுகிறார். எதிரணி எப்படியாவது ஒன்றைப் போட்டு வரிசையை முறிக்கப் பார்க்கிறது. இரண்டு புள்ளி மதிப்புள்ள சாதாரணக் கூடைக்கு ஒரு கதையின் கனம் வந்துவிடுகிறது. டிம் கிட்ஸ்ரோவின் குரல் அந்தக் கதையை உரக்கச் சொல்கிறது. ‘ஹீ’ஸ் ஆன் ஃபயர்’, ‘பூம்ஷகலகா’ என்ற அவருடைய கூவல்களை அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஆட்டத்தின் இயல்பைத் தவறவிடுகிறார்கள். பார்வையாளர் வரிசையில் எழும் ஆரவாரத்துக்கு அங்கே இடம் கொடுப்பது அந்தக் குரல்தான்.

விதிகளில் எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பதும் இதே திசையைக் காட்டுகிறது. அணிக்கு ஐவர் இருவராகச் சுருங்கினர். மிட்வே 1989இல் ‘ஆர்ச் ரைவல்ஸ்’ கேமிலேயே இருவர் அணியைச் சோதித்திருந்தது. ஃபவுல் கிடையாது, எதிராளியைத் தாராளமாகத் தள்ளிவிடலாம். ஆனால் 24 விநாடிக் கடிகாரம் உண்டு. கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டுகிற ‘கோல்டெண்டிங்’ தவறும் உண்டு. இந்த ஒரு தவறை ஏன் வைத்திருக்க வேண்டும்? மனிதர்கள் கூடைக்கு மேலே பறக்கும் உலகில் அது இல்லையென்றால் ஒரு பந்தும் உள்ளே போகாது. தாமதத்தையும் முடக்கத்தையும் தடுக்கும் விதிகள் தங்கின, ஓட்டத்தை நிறுத்தும் விதிகள் போயின. ரசிகரின் நினைவும் ஆட்டத்தை இப்படித்தான் சலித்து எடுக்கிறது: ஃபவுலுக்குப் பிந்தைய காத்திருப்பு யாருக்கும் நினைவிருப்பதில்லை, பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் நினைவிருக்கிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பின்தங்கும் அணிக்கு நிரல் மறைமுகமாகக் கைகொடுக்கும். அதனால் ஆட்டங்கள் கடைசி நொடிவரை இழுபறியாகும். ஆர்கேடில் ஒவ்வொரு கால் பகுதிக்கும் நாணயம் போட வேண்டியிருந்ததால், இது வருமானத்துக்கான ஏற்பாடு என்று சொல்லலாம். அது உண்மைதான். வணிகக் கணக்கு இல்லாமல் அந்த ஏற்பாடு பிறந்திருக்கும் என்று நான் கருதவில்லை. ஆயினும் ஒன்றின் பிறப்புக் காரணமும் அது நிலைப்பதற்கான காரணமும் வேறுவேறு. நாணயமே தேவைப்படாத வீட்டுப் பதிப்புகளில் ஆடியவர்களும் அந்தக் கடைசி நொடிகளுக்காகவே திரும்பி வந்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி மீண்டெழும் என்பதும் ரசிகரின் ஆதி நம்பிக்கைகளில் ஒன்றல்லவா?

வடிவமைப்பாளர் மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் தீவிர ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிரான நெருக்கமான ஆட்டங்களில் சிகாகோ புல்ஸின் கடைசி நேர எறிதல்கள் தவறும்படி நிரலில் எழுதிவைத்ததை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பலர் இதைச் சுவையான துணுக்காகத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு இது முக்கியமான சான்று. ‘எங்களிடம் வந்தால் அவர்களுக்குக் கை நடுங்கும்’ என்பது எந்த ஊர் ரசிகரும் சொல்லக்கூடிய வாக்கியம். இங்கே அது நிரலாகிவிட்டது. அந்த புல்ஸ் அணியில் மைக்கேல் ஜோர்டன் இல்லை. உரிம ஏற்பாடுகள் காரணமாக அவர் இடம்பெறவில்லை. ஸ்காட்டி பிப்பனும் ஹோரஸ் கிராண்டும்தான் ஆடினார்கள். அக்காலத்தின் மிகப் பெரிய வீரர் இல்லாமலே கேம் வென்றது என்பது, அதன் கவர்ச்சியை நட்சத்திரங்களின் பெயரில் மட்டும் தேட முடியாது என்பதைக் காட்டுகிறது.

பெயரின் வலிமை எவ்வளவு என்பதை அளக்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. வீட்டுப் பதிப்புகளை வெளியிட்ட அக்லெய்ம் நிறுவனத்திடம் ‘ஜாம்’ என்ற பெயர் போய்ச்சேர, உருவாக்கிய மிட்வேயிடம் கைத்திறன் தங்கியது. 1996இல் அக்லெய்ம் அந்தப் பெயரில் ‘என்.பி.ஏ. ஜாம் எக்ஸ்ட்ரீம்’ என்ற முப்பரிமாண கேமைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மிட்வே ‘என்.பி.ஏ. ஹேங்டைம்’ என்று வேறு பெயரில் பழைய முறையைத் தொடர்ந்தது. ஆடுபவர் தன் சொந்த வீரரை உருவாக்கவும் அதில் வழி இருந்தது. பெயர் மட்டும் இருந்த முதலாவது மூலத்தின் இடத்தை எட்டவில்லை. திறன் இருந்த இரண்டாவதற்கு இன்றும் பற்றுள்ளோர் உண்டு. என் மதிப்பீட்டில் விளையாட்டுத் தரத்தில் அது மூலத்துக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் பொது நினைவில் அது பின்தங்கியே நிற்கிறது. ஆகவே பெயருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விதிகள் கெட்டால் பெயரால் காப்பாற்ற முடியாது என்பதே ‘எக்ஸ்ட்ரீம்’ காட்டும் எல்லை. 2010இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தப் பெயரை மீட்டெடுத்தபோது, இருவர் அணியையும் மூன்று கூடைத் தீயையும் கிட்ஸ்ரோவின் குரலையும் அப்படியே வைத்துக்கொண்டது. படங்களைப் புதிதாக்கியது.