எறும்பு, மூலக்கூறு, பனியன் கம்பெனி

திருப்பூர் பற்றிய பொருளியல் எழுத்துகளில் ஆல்ஃபிரட் மார்ஷல் அடிக்கடி தலைகாட்டுவார். 1890இல் வந்த அவருடைய நூலில் 'தொழில் வட்டாரம்' என்ற கருத்து இருக்கிறது. ஒரே தொழிலின் சிறு பட்டறைகள் ஓர் ஊரில் குவியும்போது நுணுக்கம் யாருடைய ரகசியமாகவும் இருப்பதில்லை. குழந்தைகள்கூடச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கின்றன என்றார். திருப்பூர் அப்படியொரு வட்டாரமாக உருவாகிறதா என்று 1994இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் ஆய்வறிக்கை எழுதினார்கள். தலைப்பிலேயே கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி முக்கியம்.

மார்ஷல் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். மூலக்கூறு இயற்பியல் ஆராயப் போவதாக இருந்து பொருளியலுக்கு வந்தவர். பொருளியல் போய்ச் சேர வேண்டிய இடம் உயிரியல்தான் என்று பின்னால் எழுதினார். ஆனால் கையில் இருந்ததென்னவோ இயந்திரவியல் சமன்பாடுகள். ஆகவே இந்த இரவல் வாங்கல் புதிதல்ல.

சரி, இதுல எறும்பு எங்கேருந்து வந்தது? 1993இல் ஆலன் கிர்மன் என்ற பொருளியலாளர் எறும்பை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். புரூசெல்ஸில் பிரிகோஜினின் வட்டத்திலிருந்து வந்த டெனுபூரும் பூச்சியியலாளர் பாஸ்டீல்ஸும் செய்த பரிசோதனைகள் அதற்கு அடிப்படை. ஒரே அளவான இரண்டு உணவுக் குவியல்கள். எறும்புகள் பாதிப்பாதியாகப் பிரியவில்லை. பெரும்பகுதி ஒன்றின் பக்கமே சாய்ந்தது. பிறகு திடீரென்று மறுபக்கம். பங்குச் சந்தைக் கூட்டமும் இப்படித்தான் என்றார் கிர்மன். அழகான வாதம், மறுப்பதற்கில்லை.

அடுத்த படி வழுக்கலானது. நெருப்பெறும்புகளை ஆராய்ந்த கெல்லரும் ராஸும் 1998இல் ஒன்றைக் கண்டார்கள். பல ராணிகள் உள்ள புற்றில், குறிப்பிட்ட மரபணு வடிவத்தைக் கொண்ட வேலைக்கார எறும்புகள், அது இல்லாத ராணிகளை வாசனையால் இனங்கண்டு கொல்கின்றன. அது தனியொரு மரபணுவின் வேலையல்ல, குரோமோசோமின் நீண்ட பகுதி ஒன்றே இதில் இருக்கிறது என்று 2013இல் தெரிந்தது. 'தன்னாள்' என்ற அடையாளம் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எறும்புக்குச் சரி. 'நம்மாளு' என்று கைமாத்துக் கொடுக்கும் கம்பெனிக்காரருக்கு?

2004இல் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பற்றி வெளியிட்ட கட்டுரை இதற்கு வேறு விடை சொல்கிறது. (பானர்ஜிக்கு 2019இல் நோபல் கிடைத்தது வேறு காரணத்துக்காக.) கவுண்டர் முதலாளிகள் அதிக மூலதனத்தோடு தொடங்குகிறார்கள், வெளியூர்க்காரர்கள் குறைவான மூலதனத்தோடு தொடங்கி, வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்திவிடுகிறார்கள். அப்படியானால் பணம் திறமையைப் பார்த்துப் போகவில்லை. வெளியே நல்ல முதலீட்டு வழியில்லாத காட்டு வருமானம் சமூக உறவுகளுக்குள்ளேயே சுற்றுகிறது. இதில் இயல்பூக்கம் எதுவும் இல்லை. நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, சாதி இருக்கிறது. ஆனாலும் அவர்களுடைய கேள்வி மூலதனம் பற்றியது. டெய்லரும் கைமடியும் அதற்குள் வருவதில்லை.

அதே 2004இல் சரத் சாரியின் நூலும் வந்தது. அவர் புவியியலாளர், தொண்ணூறுகளில் இங்கே தங்கிக் களஆய்வு செய்தவர். எப்படி வந்தீங்க மேலே என்று கேட்டால் 'எல்லாம் உழைப்புங்க' என்பதே முதலாளிகளின் பதில். சாரி அதைப் பொய்யென்று தள்ளவில்லை. காட்டிலும் கம்பெனியிலும் பாடுபட்டவர்கள் பலர் முதலாளியானது உண்மை. அந்த உழைப்புக் கதையாடலே பிறகு பிறர் உழைப்பின் மேலான அதிகாரமாக மாறியதைத்தான் அவர் காட்டுகிறார். நானும் உழைச்சுத்தான் வந்தேன், நீயும் உழை.

கூடித் திரள்வது பற்றிப் பேசுகிற எந்த மாதிரியிலும் 1984ஐ வைக்க இடமில்லை. பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. நான்கு மாதத்துக்கு மேல் அடுப்பெரிய வழியில்லாமல் நின்றவர்களை மந்தை என்று எந்தச் சமன்பாட்டில் எழுதுவது? அதற்குப் பிந்திய ஏற்றுமதிப் பெருக்கத்தில் பெண்கள் பெருமளவில் கம்பெனிக்குள் வந்தார்கள். வேலை ஜாப் ஒர்க் பட்டறைகளாகச் சிதறியது. பேரம் யாரோடு பேசுவது என்பதே மங்கிப்போனது.

மார்ஷலின் வட்டாரத்தில் தொழில் நுணுக்கம் காற்றோடு பரவியிருக்கலாம். இங்கே நொய்யலோடு பரவியது சாயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஆற்றின் கீழ்க்கரை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கோர்ட்டுப் படியேறிக்கொண்டிருந்தார்கள். பட்டறை மூடியதும் முதலில் வேலையிழந்து பஸ் ஏறியவர்கள் கூலிக்காரர்கள்.