சருகை எரிக்காமல் என்ன செய்யலாம்? பாலக்காட்டுக்கு ஒரு வழி, இடுக்கிக்கு இன்னொரு வழி

ஜனவரி, பிப்ரவரியில் தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர், கொல்லங்கோடு பக்கம் போனால், காலையில் முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் புகை வாசனையும் வந்துவிடும். மா, தேக்கு, பலாச் சருகைக் குவித்துத் தீ வைத்தால் வேலை முடிஞ்சுது. அதே வீட்டில் ஏப்ரல் வந்தால் தென்னைக்கும் வாழைக்கும் தண்ணி பத்தல என்று புலம்பல். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கு.

எரித்தால் என்ன போகுது?

இலையில் இருக்கும் கார்பனும் நைட்ரஜனும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது பொட்டாஷ், சுண்ணாம்பு மாதிரி சில தாதுச் சத்துகள்தான். சட்டமும் இடம் தராது. திறந்தவெளியில் குப்பை எரிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுக்கத் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் அபராதம் என்றது.

பாலக்காட்டில் மூடாக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாகப் பனிக்காலத்தில் கோவைப் பக்கமிருந்து வறண்ட காற்று அடிக்கும். அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு கோடை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது.

இங்கே சருகுக்கு முதல் வேலை உரமாவது இல்லை, மண்ணை மூடுவது. மூடாக்கு ஈரத்தை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். அதனால் முதலில் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, தென்னை வட்டப்பாத்தியில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். காற்றில் பறக்காமல் இருக்க மேலே இரண்டு தென்னை மட்டை போட்டால் போதும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடணும். கரையான் தொல்லை உள்ள இடத்தில் சின்னக் கன்றுகளுக்கு இதைச் செய்ய வேண்டாம்.

தென்னை ஓலை சீக்கிரம் மட்காது. அதற்கு காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழி கண்டிருக்கிறது. இரண்டு, மூன்று வாரம் வெளியில் கிடந்த ஓலையின் தடித்த அடிமட்டையை வெட்டிவிட்டு, பத்தில் ஒரு பங்கு சாணம் சேர்த்து, யூட்ரிலஸ் வகை மண்புழுவை விட வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் உரம் ரெடி. 100 கிலோ ஓலைக்கு 70 கிலோ அளவுக்குக் கிடைக்கும்.

இடுக்கியில் என்ன மாற்றம்?

ஏலத்தோட்டக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நிழல்மரச் சருகைச் செடியடியில் போடுவது அங்கே பழைய பழக்கம். வீட்டுத் தோட்டத்தில்தான் தப்பு நடக்குது. தேவிகுளம், மூணாறு மழையில் தண்டோடு ஒட்டிக் கிடக்கும் ஈரச் சருகு அழுகல் நோயை இழுத்து வரும். ஜூனுக்கு முன்னாடியே அதை விலக்கி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். மண் அரிப்பும் குறையும். குளிரில் மட்குவது மெதுவாகத்தான் நடக்கும், பொறுமை வேணும். மழை மறைவில் இருக்கும் மறையூருக்குப் பாலக்காட்டு வழியே சரி.

வட்டவடைப் பக்கம் யூகலிப்டஸ் சருகுதான் அதிகம். அதன் எண்ணெய் நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். அதனால் நாற்றுப் பாத்தியில் நேரடியாகப் போடாமல் தனியாக மட்க வையுங்கள்.

மட்கு போட மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைக் கழிவு அல்லது சாணம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையணும், தண்ணி சொட்டக்கூடாது. குவியலை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீங்க. பாம்பு, தேள் தங்கும். புரட்டும்போது கையை விடாமல் மண்வெட்டியைப் பயன்படுத்துங்கள்.