ஹெட்போன் ஒலியின் வரலாறு: சமையலறை முதல் செயற்கைக் காது வரை

ஹெட்போன் என்பது மின் அலைகளை ஒலியாக மாற்றிக் கேட்பவரின் காதருகிலேயே வெளியிடும் கருவி. இன்று அது சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலை உயர்ந்த ஹெட்போனை வாங்கியவர்களில் சிலர், அது எதிர்பார்த்தபடி ஒலிக்கவில்லை என்று ஏமாற்றம் அடைவதுண்டு. பல நேரங்களில் குறை அந்தக் கருவியில் இருப்பதில்லை. அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயர், அது காதில் பொருந்தும் விதம், கேட்கும் இடத்தின் இரைச்சல், கேட்பவரின் காது ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஒலியின் தரத்தை முடிவு செய்கின்றன. ஹெட்போனின் 140 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு, இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறிந்த வரலாறுதான்.

காதில் விழுந்தால் போதும் என்ற காலம்

1881-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் ஆதேர், பாரிஸ் ஓப்பரா அரங்கின் நிகழ்ச்சியைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பார்வையாளர்களுக்குக் கேட்கச் செய்தார். மேடையின் வெவ்வேறு இடங்களில் ஒலிவாங்கிகள் வைக்கப்பட்டிருந்தன. கேட்பவர்கள் ஒரு காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்புக் குழல்களைப் பிடித்துக்கொண்டனர். பாடகர் மேடையில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதை அவர்களால் உணர முடிந்தது. ஸ்டீரியோ ஒலியின் தொடக்கப் புள்ளியாக இந்த நிகழ்வைக் குறிப்பிடுவர்.

தலையில் அணியும் கருவி வசதியாக அமைய மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை 1910-இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை கூடுதல் கருவிகளைக் கேட்டு எழுதியது. அந்தக் காலக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளில் இன்று போன்ற ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வானிலிருந்து வந்த மெல்லிய சமிக்ஞையே ஹெட்போனுக்குள் இருந்த தகட்டை அசைக்க வேண்டியிருந்தது. எனவே மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் அசையும் நுண்ணுணர்வுதான் அன்றைய முதல் தேவை. மோர்ஸ் ஒலியும் பேச்சும் விளங்கினால் போதும். இசையின் இனிமையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

1920-களில் பரவிய கிரிஸ்டல் வானொலிகளுக்கும் இதே நிலைதான். அவற்றுக்கு மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய, 2000 ஓம் அளவிலான ஹெட்போன்கள் தேவைப்பட்டன. குறைந்த ஓம் கொண்ட ஹெட்போனை அந்த வானொலியில் இணைத்தால் ஒலி மிகவும் மங்கிவிடும். ஹெட்போனும் அதை இயக்கும் கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற முதல் பாடம் அப்போதே தெரிந்துவிட்டது.

இசைக்கான கருவி

யூஜென் பேயர் 1924-இல் பெர்லினில் தொடங்கிய நிறுவனம், 1937-இல் டிடி 48 என்ற ஹெட்போனை வெளியிட்டது. அசையும் கம்பிச்சுருள் முறையில் அமைந்த முதல் ஹெட்போன் என இது கருதப்படுகிறது. மெல்லிய படலம் ஒன்றோடு ஒட்டிய கம்பிச்சுருள், நிலைக்காந்தத்தின் இடைவெளியில் முன்னும் பின்னும் அசையும். படலமும் உடன் அசைந்து காற்றை அதிரச் செய்யும். கனமான இரும்புத் தகட்டைவிட இந்த இலேசான படலம் இசையின் ஏற்ற இறக்கங்களை நெருக்கமாகப் பின்தொடரக் கூடியது. இன்று விற்கப்படும் பெரும்பாலான ஹெட்போன்கள் இதே முறையில்தான் இயங்குகின்றன.

ஆனாலும் ஹெட்போன் நெடுங்காலம் வானொலி நிலையம், ராணுவம், ஆய்வகம் ஆகியவற்றின் கருவியாகவே இருந்தது. இசை கேட்பவரின் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜான் காஸ். கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஓர் இசைத்தட்டுக் கருவியை விற்பதற்காக, பொறியாளர் மார்ட்டின் லாங்குடன் சேர்ந்து அவர் ஒரு ஹெட்போனை உருவாக்கினார். 1958-இல் நடந்த கண்காட்சியில் மக்களைக் கவர்ந்தது இசைத்தட்டுக் கருவியைவிட அதனுடன் வைத்திருந்த ஹெட்போன்தான். எஸ்பி/3 எனப்படும் அதுவே இசை கேட்பதற்கென விற்பனைக்கு வந்த முதல் ஸ்டீரியோ ஹெட்போன். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்ததும் அதற்குத் துணையாயிற்று.

மூடிய கிண்ணமும் திறந்த கிண்ணமும்

1960-களின் ஹெட்போன்கள் பெரும்பாலும் கனமான மூடிய கிண்ணங்களாகவே இருந்தன. படலத்தின் பின்புறம் எழும் ஒலி கிண்ணத்துக்குள்ளேயே மோதித் திரும்பி, முன்புற ஒலியோடு கலந்து அதைக் குழப்பும். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட எச்டி 414, கிண்ணத்தின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டது. மஞ்சள் நிறப் பஞ்சுத் திண்டுகளோடு வந்த இந்த இலேசான ஹெட்போன் ஒரு கோடிக்கும் மேல் விற்பனையானது. திறந்த அமைப்பில் ஒலி விசாலமாகத் தோன்றியது. அதற்கு ஈடாக வெளி இரைச்சல் உள்ளே வரும், உள்ளே ஒலிக்கும் இசை பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அமைதியான அறைக்குத் திறந்த வகை, பேருந்துக்கும் ரயிலுக்கும் மூடிய வகை என்ற பாகுபாடு இதிலிருந்து பிறந்தது.

படலத்தை இன்னும் இலேசாக்கும் முயற்சியும் உடன் நடந்தது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் நிலைமின் வகை ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் கம்பிச்சுருளே இல்லை. தலைமுடியைவிட மெல்லிய படலம், துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்புலத்தால் அசைகிறது. ஒலி மிகத் துல்லியமானது; ஆனால் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் தரும் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது ஒலிக்கவே ஒலிக்காது. 1976-இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட எச்பி-1 இன்னொரு வழியைக் காட்டியது. அதில் மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலேயே மின்கடத்தி பதிக்கப்பட்டிருந்தது. இந்த வகையைச் சார்ந்த ஹெட்போன்கள் இன்று உயர்தரச் சந்தையில் பெரும் இடம் பிடித்துள்ளன.

வாக்மேனும் ஆம்ப்ளிஃபயர் சிக்கலும்

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனத்தின் வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதனுடன் வந்த சிறிய ஹெட்போன், நடந்துகொண்டே இசை கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. பேட்டரியில் இயங்கும் சிறு கருவி அதிக மின்னழுத்தம் தராது. ஆகவே கையடக்கக் கருவிகளுக்கு 16 முதல் 32 ஓம் வரையிலான ஹெட்போன்கள் வழக்கமாயின. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான ஹெட்போன்களோ 250, 300, 600 ஓம் என்றே தொடர்ந்தன. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 கூட 300 ஓம் கொண்டது.

இந்த வேறுபாட்டின் விளைவை ஒரு கணக்கால் காணலாம். ஒரு வோல்ட் தரும் கருவியில் 32 ஓம் ஹெட்போனை இணைத்தால் அதற்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் திறன் கிடைக்கும். அதே கருவியில் 300 ஓம் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட்தான் கிடைக்கும். கைபேசியில் நேரடியாக இணைத்த சில உயர்தர ஹெட்போன்கள் உயிரற்று ஒலிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தவறு. குறைந்த ஓம் இருந்தும் அதிக மின்னோட்டம் கேட்கும் ஹெட்போன்கள் உண்டு. ஒரு மில்லிவாட்டுக்கு அல்லது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல் ஒலி தருகிறது என்ற உணர்திறன் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மற்றொரு சிக்கல் வெளியில் தெரியாதது. ஆம்ப்ளிஃபயருக்கும் வெளியீட்டு மின்மறுப்பு என்று ஒன்று உண்டு. கம்பிச்சுருள் ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவில் இராது. தாழ்ந்த ஒலிப் பகுதியில் ஓரிடத்தில் உயரும். 32 ஓம் ஹெட்போன் ஒன்று அந்த இடத்தில் 64 ஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு 120 ஓம் எனில், அந்தத் தாழ்ந்த ஒலி மட்டும் 4 டெசிபெல்லுக்கும் மேல் உப்பிவிடும். வெளியீடு 2 ஓம் எனில் வேறுபாடு கால் டெசிபெல் அளவே. அதனால்தான் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற நடைமுறை விதி உருவானது.

தலைக்குள் ஒலிக்கும் இசை

ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்க ஒலி இரண்டு காதுகளையும் எட்டுகிறது. வலது காதுக்குச் சற்றே தாமதமாகவும் மெல்லியதாகவும் வருகிறது. ஹெட்போனில் இந்தக் கலப்பு நிகழ்வதில்லை. பாடகரின் குரல் முன்னால் கேட்காமல் தலைக்குள்ளேயே கேட்பதுபோல் தோன்றுகிறது. இதைக் குறைக்க, ஒரு பக்க ஒலியில் சிறிதளவை மறுபக்கத்துக்கும் அனுப்பும் மின்சுற்றை பெஞ்சமின் பாவர் 1961-இல் முன்வைத்தார். பல ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்களில் இன்றும் இந்த வசதி இருக்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: எந்த ஒலியைச் சரியான ஒலி என்பது? செவிமடலும் காதுக்குழாயும் 2500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை இயல்பாகவே உயர்த்திக் காட்டுகின்றன. மூளைக்கு அது பழகிப்போனது. எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் செவிப்பறைக்குத் தரும் ஹெட்போன் அதனால் மங்கலாகவும் இயற்கைக்கு மாறாகவும் கேட்கும். இதை அளந்தறியச் செயற்கைக் காது பொருத்திய பொம்மைகள் தேவைப்பட்டன. கெமார் என்ற புகழ்பெற்ற பொம்மை 1972-இல் வந்தது. 1980-களில் ஜெர்மனியின் குந்தர் தைலே, எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையில் காது எதைக் கேட்குமோ அதையே ஹெட்போனின் இலக்காகக் கொள்ளலாம் என்றார். ஒலிப்பதிவுக் கூட ஹெட்போன்கள் பல அதைப் பின்பற்றின. ஆனால் இசை கேட்போர் பலருக்கு அந்த ஒலி சற்றுக் கூர்மையாகவும் தாழ்ந்த ஒலி குறைந்ததாகவும் பட்டது.

2012 முதல் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் வேறு வழியில் முயன்றனர். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி எழுப்பும் ஒலியைப் பொம்மையின் காதில் அளந்தனர். பின்பு, எந்தக் கருவி என்று தெரியாமலே பலரைக் கேட்கச் செய்து அவர்களின் விருப்பத்தைப் பதிவு செய்தனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே வகை ஒலியை விரும்பினர். மற்றவர்களில் சிலருக்குத் தாழ்ந்த ஒலி கூடுதலாகவும், சிலருக்குக் குறைவாகவும் வேண்டியிருந்தது. பெரும்பாலோருக்குப் பிடிக்கும் ஒலி உண்டு, எல்லோருக்கும் பிடிக்கும் ஒரே ஒலி இல்லை என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

விலை சொல்வதும் சொல்லாததும்

விலை கூடினால் ஒலியும் கூடும் என்ற நம்பிக்கையை 2017-இல் யெருன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வு சோதித்தது. அவர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இதனால் விலை உயர்ந்தவை எல்லாம் வீண் என்று ஆகிவிடாது. உருக்குலைவு குறைந்த ஒலி, நல்ல பொருட்கள், அணிய வசதி, பழுது பார்க்கும் வாய்ப்பு ஆகியவற்றுக்கும் விலை உண்டு. ஒலியின் சமநிலை மட்டும் விலைப் பட்டியலைப் பின்பற்றுவதில்லை. அதைப் பெரும்பாலும் சமன்செய்யும் மென்பொருள் கொண்டு செலவின்றியே திருத்திக்கொள்ளலாம்.

பணம் செலவழிக்கும் முன் கவனிக்க வேண்டியது பொருத்தம். மூடிய ஹெட்போனின் திண்டுக்கும் முகத்துக்கும் இடையே மூக்குக்கண்ணாடிக் கம்பி சிறு இடைவெளி ஏற்படுத்தினாலே தாழ்ந்த ஒலி கசிந்து குறையும். காதுக்குள் செருகும் வகையில் ரப்பர் முனையின் அளவு சரியாக இல்லாவிட்டாலும் இதே குறைதான். ஆண்டுக்கணக்கில் அணிந்து தட்டையான திண்டுகள், காதுக்கும் படலத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்து ஒலியையே மாற்றிவிடும். புதுத் திண்டுகள் மாட்டினால் பழைய ஒலி பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைப்பதும் முக்கியம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக்கூடக் காது தரம் மிக்கது என்று எடுத்துக்கொள்ளும்.

அமைதியும் செவியும்

மிகச் சிறந்த ஹெட்போனும் இரைச்சலில் தோற்றுவிடும். அமர் போஸ் 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் சென்றபோது, அங்கே தரப்பட்ட ஹெட்போனின் இசை விமான இரைச்சலில் கேட்கவில்லை. இரைச்சலுக்கு எதிரான ஒலியை உருவாக்கி அதை அழிக்கும் கணக்குகளை அவர் அந்தப் பயணத்திலேயே போடத் தொடங்கினார். அதன் பயனாக 1989-இல் விமானிகளுக்கான இரைச்சல் நீக்கி ஹெட்போனும், 2000-இல் பயணிகளுக்கான ஹெட்போனும் அவரது நிறுவனத்திலிருந்து வெளிவந்தன.

இது வெறும் வசதி மட்டுமல்ல. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் கேட்பவர் தம்மை அறியாமலே ஒலியைக் கூட்டுகிறார். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார அமைப்பு காட்டும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபெல்லில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் உள்ளதாக அந்த அமைப்பு கூறுகிறது. பொதுவாக முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். வீணை மீட்டலின் நுனியும் தாளத்தின் கூர்மையும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

ஹெட்போனின் படலத்தை மாற்றலாம், திண்டை மாற்றலாம், ஆம்ப்ளிஃபயரை மாற்றலாம். உட்செவியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. பொருத்தமான ஆம்ப்ளிஃபயர், காதில் சரியாக அமரும் திண்டு, அமைதியான இடம், அளவான ஒலி ஆகியவை கூடும்போது நடுத்தர விலை ஹெட்போனும் இசையின் நுணுக்கங்களைக் காட்டும். அவற்றைக் கேட்பதற்குக் காது நலமாக இருக்க வேண்டும்.