மணல் மூட்டையும் விமானப் பம்பும்: காரைத் தாழ்த்தியவர்களின் கதை

கையில் அதிகம் காசில்லாதவன் தன் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்த ஆசைப்பட்டால் என்ன செய்வான்? 1940-களின் லாஸ் ஏஞ்சலீஸில் இதற்கு ரொம்ப சுலபமான பதில் ஒன்று இருந்தது. டிக்கியில் நாலு மணல் மூட்டையைத் தூக்கிப் போடுவான். அவ்வளவுதான். பின்பக்கம் இறங்கிவிடும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவுன்னு விசாரித்துவிட்டு கார் வாங்குகிற நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த மணல் மூட்டையில் தொடங்கிய பழக்கம் ஒரு மாநிலத்தையே தனியாகச் சட்டம் போட வைத்தது. அந்தச் சட்டத்தை நீக்க அறுபத்தைந்து வருடம் ஆனது. நடுவில் பழைய விமானங்களின் உதிரிபாகங்கள் கார் டிக்கிக்குள் வந்து உட்கார்ந்தன. 'லோரைடர்' என்று அழைக்கப்படும் அந்தக் கார்களின் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடுவோம். கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் பகுதி. அமெரிக்கா அதைப் போரில் பிடித்த பிறகும், இருபதாம் நூற்றாண்டில் வேலை தேடி வந்தவர்களாலும், லாஸ் ஏஞ்சலீஸின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளி மக்கள் பெரிய அளவில் குடியிருந்தார்கள். பின்னாளில் இவர்களில் பலர் தங்களை 'சிக்கானோ' என்று அழைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் உழைக்கும் வர்க்கம். இவர்களது இளைஞர்கள் தோளில் அகலமாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் தைத்த 'ஸூட் சூட்' என்ற உடையைப் போட்டுக்கொண்டார்கள். உலகப்போர் காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்ததால், இது தேசத் துரோகம் என்கிற மாதிரி பேச்சு கிளம்பியது. 1943 ஜூன் மாதம் கடற்படை வீரர்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி, இந்த உடை போட்ட பையன்களைப் பிடித்து அடித்து, உடையை உருவினார்கள். போலீஸ் கைது செய்ததோ பெரும்பாலும் அடி வாங்கிய பையன்களைத்தான். ஒருவன் தன்னை எப்படி அலங்கரித்துக்கொள்கிறான் என்பதே அந்த ஊரில் சட்டம் ஒழுங்கு விவகாரமாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு காருக்கு வருவோம்.

போர் முடிந்ததும் பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. ராணுவத்திலிருந்து திரும்பியவர்களிடம் கொஞ்சம் பணமும் இருந்தது. போரில் மெக்கானிக் வேலை கற்றவர்களும் இருந்தார்கள். அதே காலத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள் மத்தியில் 'ஹாட் ராட்' மோகம். எஞ்சினை முறுக்கி, தேவையில்லாததைக் கழற்றி வீசி, எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. சிக்கானோ இளைஞர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். குடும்பத்தோடு போகிற பெரிய செவர்லே காரை வாங்கி, பளபளவென்று துடைத்து, தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கிற வேகத்தில் ஊர் பார்க்க ஓட்டினார்கள். ஸ்பானிஷ் மொழியில் 'பஹிட்டோ இ சுவாவெசிட்டோ' என்பார்கள். தாழ்வாக, நிதானமாக என்று அர்த்தம்.

காசு இல்லாமல் இதைச் செய்ய நான்கு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, ஆனால் அது பணமாக வராது.

முதல் வழி மணல் மூட்டை. ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம், எடையை ஏற்றினால் அதுவாகவே அமுங்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது மூட்டையை இறக்கி வைத்துவிடலாம். ஆனால் பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைவதால் ஸ்டியரிங் பிடிமானமும் குறையும். ஏற்கனவே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்குக்கு, பள்ளம் வந்தால் மேலும் அமுங்க இடமிருக்காது.

இரண்டாவது, காயில் ஸ்பிரிங்கை வெட்டுவது. இது இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. இதில் ஒரு சின்ன இயற்பியல் இருக்கிறது. ஒரு காயில் ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமுங்கும். சுற்றுகளைக் குறைத்தால் அமுங்குவதற்கு ஆள் குறைவு, ஆகவே ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். எட்டு சுற்றில் இரண்டை வெட்டினால், விறைப்பு 8/6 மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கார் இறங்கும், ஆனால் முதுகுத்தண்டு கணக்குச் சொல்லும். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காக வடிவமைத்தது என்பதால், புது விறைப்பை அதனால் சரியாக அடக்க முடியாமல் கார் குதிக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவது, வெட்டக்கூடச் சோம்பல்பட்டவர்களின் வழி. கேஸ் வெல்டிங் டார்ச்சை ஸ்பிரிங்கில் காட்டினால், இரும்பு சிவந்து காரின் எடையில் தானே உட்காரும். நான்கில் இதுதான் மோசம். ஸ்பிரிங் இரும்பின் குணமே அதைப் பதமாகச் சூடாக்கிக் குளிர வைத்ததில் இருக்கிறது. டார்ச் அந்தப் பதத்தை அழித்துவிடும். இடது பக்கம் எவ்வளவு இறங்கியது, வலது பக்கம் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் டார்ச் பிடித்தவன் கைப்பக்குவம். பதம் போன ஸ்பிரிங் பிறகும் தொய்ந்துகொண்டே போகலாம், ஒருநாள் உடையவும் செய்யலாம்.

நான்காவது, பின் சக்கரங்களின் ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டையைச் செருகுவது. (லாரிப் பட்டறையில் 'கமான் பட்டை' என்பார்களே, அதுதான் லீஃப் ஸ்பிரிங்.) அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஆக்ஸில், பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நடுவில் கட்டையை வைத்தால் பட்டையும் அதோடு சேர்ந்த பாடியும் கீழே போகும். கட்டை மூன்று அங்குலம் என்றால் கார் மூன்று அங்குலம் இறங்கும். ஸ்பிரிங்கின் குணம் மாறாது. இருப்பதில் இதுதான் நாணயமான வழி.

மணல் மூட்டையைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. ஒரு தடவை இறக்கினால் இறக்கினதுதான். நினைத்த நேரத்தில் ஏற்ற முடியாது. இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது.

1958-ல் கலிபோர்னியாவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. வாகனச் சட்டத்தின் 24008-ஆம் பிரிவு என்று பின்னால் அறியப்பட்டது. மாற்றியமைக்கப்பட்ட காரின் எந்தப் பகுதியும், சக்கர ரிம்மின் அடி விளிம்பை விடத் தாழ்வாக இருக்கக் கூடாது என்பது சாரம். பொறியாளன் கண்ணோடு பார்த்தால் இது முட்டாள்தனமான கோடு இல்லை. டயர் பஞ்சர் ஆனால் கார் ரிம் மேல் உட்காரும். ரிம்முக்குக் கீழே ஏதாவது தொங்கினால் அது ரோட்டில் உரசும். பிரேக் குழாயோ ஸ்டியரிங் கம்பியோ அந்த இடத்தில் இருந்தால் ஆபத்துதான்.

ஆனால் நடைமுறையில் இந்தக் கோடு யார் மேல் விழுந்தது? ஸ்பிரிங்கை வெட்டி வைத்திருந்தவன் மேல். அவன் கார் இருபத்திநாலு மணி நேரமும் தாழ்ந்தே கிடந்தது. போலீஸ்காரர் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு குனிந்தால் போதும், அபராதம் உறுதி. ஸ்பிரிங்கை வெட்டியது வெல்டிங் ஆபத்துக்காகப் பிடிபடவில்லை என்பதையும் கவனியுங்கள். டார்ச்சில் சூடாக்கிய ஸ்பிரிங், ரிம்முக்கு மேலே இருக்கும்வரை இந்த விதிக்கு உட்பட்டதே. சட்டம் அளந்தது உயரத்தைத்தான்.

தீர்வு காயலான் கடையிலிருந்து வந்தது. தெற்குக் கலிபோர்னியா அன்று விமானத் தொழிலின் தலைநகரம். லாக்ஹீட், டக்ளஸ், நார்த் அமெரிக்கன் என்று பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் அங்கேதான். போர்களுக்குப் பிறகு விமானங்களின் ஹைட்ராலிக் பம்புகளும் வால்வுகளும் உபரிச் சாமான்களாகக் குவிந்து கிடந்தன. 1959-ல் ரான் அகிர்ரே என்ற இளைஞர், தன் 'எக்ஸ்-சோனிக்' என்ற 1957 மாடல் கார்வெட்டில், இப்படிப்பட்ட பெஸ்கோ நிறுவனத்தின் விமானப் பம்புகளைப் பொருத்தினார். ஸ்விட்சைத் தட்டினால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்க் காரைத் தூக்கும். மறுபடி தட்டினால் எண்ணெய் வெளியேறி கார் இறங்கும். தாழ்ந்த காருக்காக வந்துகொண்டிருந்த அபராதங்களிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது. போலீஸ் கண்ணில் பட்டால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழுந்து நிற்கும். அவர்கள் போனதும் உட்காரும்.

எண்ணெய் அழுத்தத்தால் கார் உயரத்தை மாற்றுவது அன்று புதுசு இல்லை. பிரான்சின் சிட்ரோயென் டிஎஸ் கார் 1955-லேயே இதைத் தொழிற்சாலையிலிருந்தே கொண்டுவந்துவிட்டது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஒரு நிறுவனத்தின் பொறியாளர் படை செய்ததை, இங்கே வீட்டுக் கொட்டகையில், கிடைத்த உபரிப் பாகங்களை வைத்துச் செய்தார்கள்.

1958-ல் செவர்லே இம்பாலா வந்தது. நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், அடியில் எக்ஸ் வடிவ ஃபிரேம். காயிலோடு சேர்த்து ஹைட்ராலிக் சிலிண்டரை உட்கார வைக்க அது தோதாக இருந்தது. அதனால் 1958 முதல் 1964 வரையிலான இம்பாலாக்கள் லோரைடர்களின் செல்லப்பிள்ளை ஆகின. பம்பை ஓட்டுவதற்கு மின்சாரம் வேண்டும். வேகமாகத் தூக்க வேண்டுமென்றால் பேட்டரிகளைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஒரு கார் பேட்டரி இருபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஆறு வைத்தால் நூற்றிருபது கிலோ. அத்தனையும் டிக்கியில். மணல் மூட்டை இருந்த இடத்துக்கே மறுபடி எடை வந்து சேர்ந்தது, ஆனால் இந்தத் தடவை ஏகப்பட்ட செலவோடு!

என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். சட்டம் நிறுத்த நினைத்தது தாழ்ந்த கார்களை. நடந்தது, மலிவான வழிக்கு அபராதமும் விலை கூடிய வழிக்குப் பாதுகாப்பும். ஹைட்ராலிக்ஸ் வாங்க வசதியுள்ளவன் சட்டத்துக்குள்ளேயே இருந்தான். ரம்பத்தால் ஸ்பிரிங்கை அறுத்தவன் மாட்டிக்கொண்டான். வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கூட்டாகச் செய்தார்கள். கார் கிளப்புகள் இதற்குப் பெரிய துணை. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு சகோதரர் கூட்டம் 1962-ல் ஆரம்பித்த 'டியூக்ஸ்' கிளப் இன்றும் இருக்கிறது. ஒருவனுக்கு வெல்டிங் தெரியும், ஒருவனுக்குப் பெயின்ட், ஒருவனுக்கு சீட் தையல். பணத்துக்குப் பதில் கைவேலை கைமாறியது.

இப்படி ஒரு கிளப்பில் வளர்ந்ததுதான் 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964 இம்பாலா. இம்பீரியல்ஸ் கிளப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாதெஸின் கார், உடம்பெல்லாம் ரோஜாப்பூக்கள். 1970-களில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் டைட்டில் காட்சியில் அது வந்தது. 2017-ல் வாஷிங்டன் நகரின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே, நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரைச் சேர்ந்த 'டேவ்ஸ் ட்ரீம்' என்ற 1969 ஃபோர்டு எல்டிடி காரை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1990-ல் வாங்கிவிட்டது. அதைத் தொடங்கியவர் 1978-ல் விபத்தில் இறந்துபோக, குடும்பத்தார் முடித்த கார் அது.

அருங்காட்சியகத்தில் மரியாதை கிடைத்தாலும் தெருவில் நிலைமை வேறு. நகரங்கள் 'குரூஸிங்' என்ற இந்த மெதுவான உலாவையே தடை செய்யத் தொடங்கின. சான் டியாகோவுக்குப் பக்கத்தில் உள்ள நேஷனல் சிட்டி 1992-ல் தடை போட்டது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடந்தால் குற்றம் என்பது மாதிரியான விதிகள். நெரிசல், சண்டை என்று காரணம் சொல்லப்பட்டது. சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் தெருவில் மெதுவாகப் போவதையே குற்றமாக்கினால், யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் முழுக்கப் போலீஸ்காரர் கைக்குப் போய்விடுகிறது.

2023 அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் ஏபி 436 என்ற மசோதாவில் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல், குரூஸிங்கைத் தடை செய்யும் அதிகாரம் நகரங்களுக்கு இல்லை. அதே மசோதாவோடு அந்த ரிம் உயர விதியும் போய்விட்டது. அபராதத்திலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த ஹைட்ராலிக்ஸ் இப்போது ஒரு கலை வடிவமாகவே நிலைத்துவிட்டது. கார் குதிக்கிற போட்டியே தனியாக நடக்கிறது.

விதி போனதால் இயற்பியல் மாறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டில் இரண்டு சுற்றை வெட்டினால் விறைப்பு இன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடத்தான் செய்யும், டார்ச் காட்டிய ஸ்பிரிங் இன்றும் உடையத்தான் செய்யும். பாதுகாப்புக்காகச் சட்டம் போடுவதென்றால் பார்க்க வேண்டியது அந்த ஸ்பிரிங்கை. 1958-ல் எழுதியவர்கள் பார்த்தது கார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான்.